அம்மா தனியாக நிற்கும் படம்

பிளேஸ்டோ, லண்டன்
09.02.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம், இருமலும் விட்டுவிட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி? மறைக்காமல் எழுதுங்கள்.

மாலை வகுப்பில் இப்போது பிரெஞ்சுப் பெண்கள் எழுதிய நாவல்களை ஆங்கிலத்தில் படிக்கிறோம். மனைவி, தாய் என்பதற்கு அப்பால் தாங்கள் யார் என்று அந்தக் கதைகளில் பெண்கள் தேடுகிறார்கள். போன கிழமை ரீச்சர், அவரவர் அம்மா தனியாக நிற்கும் படத்தைப் பார்த்து ஒரு பக்கம் எழுதச் சொன்னா.

ஊரிலிருந்து கொண்டுவந்த படங்கள் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பித் தேடினேன். ஒன்றில் உங்கள் இடுப்பில் நான், இன்னொன்றில் தம்பி. மற்றதில் அப்பா கதிரையில் உட்கார்ந்திருக்க, நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள். வீட்டுக்கார பாலாம்பிகை அக்கா எட்டிப்பார்த்து, "உன்ர அம்மா ஒருநாளும் தனிய நிக்கேல்லையோடி?" என்று சிரித்தா. நானும் சிரித்தேன்.

அடையாள அட்டையில் மட்டும்தான் தனியாக இருக்கிறீர்கள். அதை நான் கேட்க முடியாது, சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் கேட்பார்கள்.

ஆகவே ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அப்பா வெளியில் நிற்கட்டும். உங்களுக்குப் பிடித்த சேலையைக் கட்டுங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
சுகிர்தா

பி.கு.: கறுப்பு வெள்ளைப் படமென்றால், சேலையின் நிறத்தைப் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பிடித்த நிறம் எதுவென்று எனக்குத் தெரியாது.