உலகநாதன் பெயரில் எடுத்த எக்ஸ்ரே

விருத்தாசலம்
6.7.2025

அன்புள்ள தம்பி நந்தகுமாருக்கு,

அக்கா அமுதவள்ளி எழுதுவது. நீயும் தேவியும் குழந்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். இந்த வாரம் மூன்று முறை கூப்பிட்டேன். "மீட்டிங்குல இருக்கேன்க்கா, அப்புறம் கூப்புடுறேன்" என்று வைத்தாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது. ஃபைலில் ஏறாத பேச்சுக்கு மதிப்பில்லை என்று நீயே எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய். அதனால்தான் காகிதம் வாங்கினேன்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பி.டி.எஃப். போட்டு, "நான் எழுதிய முதல் வரைவு விதி" என்று பெருமைப்பட்டிருந்தாய். சேத்தியாத்தோப்புச் சித்தி கும்பிடு போட்டாள், பெரியப்பா மகன் பட்டாசு வெடித்தான், நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். ஒருத்தரும் அதைத் திறந்து படிக்கவில்லை. நானும்தான்.

வியாழக்கிழமை எங்கள் கம்பெனி மேனேஜர் ஆனந்தராஜ் அதையே அச்செடுத்து கேட்டில் ஒட்டிவிட்டு, ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். "இனிமே எக்ஸ்ரே வண்டி வராதுங்க, ஒரு நாள் வேலை கெடாது" என்றார். என்னோடு சூளையில் வேகாத பச்சைப் பொம்மைக்கு விளிம்பு சுரண்டுகிற பானுமதி, போன வருடம் பிளஸ் டூ முடித்த பெண், அதைச் சத்தம் போட்டுப் படித்தாள். நாற்பது பேருக்குக் குறைந்த பீங்கான் கம்பெனிகளில் வருடா வருடம் தொழிலாளிக்கு நெஞ்சு எக்ஸ்ரே வேண்டாமாம். "என் தொழிலாளர்கள் நலம்" என்று முதலாளியே எழுதிக் கொடுத்தால் போதுமாம். தூசி அளக்க வருகிற அதிகாரி பதினைந்து நாள் முன்னாடியே சொல்லிவிட்டு வர வேண்டுமாம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு முன்னாடி சொல்வதில்லை.

எங்கள் கம்பெனியில் எத்தனை பேர் என்று தெரியுமா தம்பி? முப்பத்தெட்டு.

உன் மாமா பதினெட்டு வருடம் கல்மாவு அரைக்கிற அறையில் நின்றவர். இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறார். கொல்லைக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறார். படுத்தால் மூச்சு வராது, சுவரில் சாய்ந்துதான் தூக்கம். பொங்கலுக்கு வந்தபோது நீயே பார்த்தாய். பார்த்துவிட்டுப் போய் இதை எழுதினாயா?

உன்னைத் திட்ட அவர் விடமாட்டேன் என்கிறார். "மேல சொன்னத எழுதியிருப்பான், வுடு" என்கிறார். மேலே சொன்னதா, நீயாக எழுதியதா? ஆட்சேபணை சொல்ல ஆகஸ்டு பதினான்கு கடைசி நாள் என்று போட்டிருக்கிறது. அதற்குள் பதில் எழுது.

கோபத்தில் இருந்தாலும் உன் அக்கா,
அமுதவள்ளி


சென்னை
13.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. மாமாவின் உடம்பை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. குழந்தை இப்போது நிற்கிறாள்.

மறைக்காமல் சொல்கிறேன். மேலிருந்து யாரும் சொல்லவில்லை. நான்தான் எழுதினேன். ஆனால் நீ நினைக்கிற மாதிரி ஏ.சி. ரூமில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. நம் ஊர்ச் சிறு கம்பெனிகளின் பதினொரு வருட எக்ஸ்ரே பதிவேடுகளை வரவழைத்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஒருவருக்குக்கூட நுரையீரலில் தூசி நோய் இல்லை. எல்லாப் பெயருக்கும் எதிரே "இயல்பு", பக்கத்தில் தொழிலாளியின் கையெழுத்து. ஒரு நோயையும் கண்டுபிடிக்காத சோதனையை வருடா வருடம் எதற்கு நடத்த வேண்டும் என்று கேட்டு எழுதினேன். அதை எல்லோரும் பாராட்டினார்கள். இதுபோன்ற கெடுபிடியால் சின்னக் கம்பெனிகள் மூடிவிட்டால் நீ எங்கே வேலைக்குப் போவாய்? திட்டக்குடிக்கு நாற்று நடப் போவாயா?

மாமா பீடி குடித்தவர்தானே அக்கா. எல்லாவற்றையும் கல்மாவு மேல் போடுவது நியாயமில்லை. அவரை இங்கே அழைத்து வா, நல்ல டாக்டரிடம் காட்டலாம்.

அன்புத் தம்பி,
நந்தகுமார்


விருத்தாசலம்
18.7.2025

தம்பி நந்தகுமாருக்கு,

கவரைக் கையில் வாங்கியதுமே மாமா கண்டுபிடித்துவிட்டார். "நந்து எழுத்துதான், வாலு நீளமா இருக்குது பாரு" என்றார். ஆறு வயதிலிருந்தே "த" போடும்போது வாலை அடுத்த வரிக்கு இழுப்பாய், வாத்தியார் அடித்தும் போகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மனிதருக்கும் உன் எழுத்து தெரிகிறது. ஆசையாகப் படிக்கச் சொன்னார். பீடி என்று வந்த இடத்தைத் தாண்டிப் படித்தேன். என் கல்யாணத்துக்கு முன்பே பீடியை விட்டவர் அவர். நீ அப்போது அரை டிராயரில் இருந்தாய்.

பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாயாமே. அந்தப் பதிவேடு எப்படி எழுதப்பட்டது என்று இந்த ஊரில் கழுதைக்குக்கூடத் தெரியும், உனக்குத் தெரியாதா?

எக்ஸ்ரே வண்டி வரப்போகிறது என்றால் முந்தின வாரமே நல்ல நெஞ்சாகத் தேடுவோம். இருமுகிறவன் பெயரில் இருமாதவன் போய் நிற்பான். படத்தில் நெஞ்சில் நிழல் விழுந்தவனை மறுநாளே, "வூட்டுல போயி ரெஸ்ட் எடுப்பா, அப்புறம் சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். அந்த ரெஸ்ட் எடுத்தவன் ஒருத்தனும் திரும்பி உள்ளே வந்ததில்லை. அதனால் பூங்கோதைக்கு அவள் தங்கை பெண்ணாடத்திலிருந்து வந்து நின்றாள். சைக்கிள் கடை வெற்றிவேல் ஒரே நாளில் மூன்று பேருக்காகச் சட்டையை மாற்றி மாற்றி நின்றான், வண்டியில் இருந்தவர் டோக்கனைப் பார்த்தாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

2014 ஆகஸ்டில் மாமா பெயரில், உலகநாதன் என்று டோக்கன் வாங்கிக்கொண்டு போய், சட்டையைக் கழற்றிவிட்டு நின்றது யாருடைய நெஞ்சு தம்பி?

காலேஜ் கடைசி வருடம் நீ. எங்கள் வீட்டில்தான் இருந்தாய். "யாருக்கும் தெரியாதுடா, மாமாவுக்கு வேலை போயிடும்" என்று நான்தான் அனுப்பினேன். திரும்பி வந்ததும் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். அந்தத் தப்பு என்னுடையது, யார் மேலும் போடமாட்டேன். அன்றைக்கு அவரே போய் நின்றிருந்தால் வேலை போயிருக்கும், மூச்சு மிஞ்சியிருக்கும். அதற்குப் பிறகும் எக்ஸ்ரேவுக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டு, ஒன்பது வருடம் அந்த மாவுக்குள் நின்றார். நான்தான் அவரை அங்கே நிற்க வைத்தேன். இதை நினைக்காமல் எனக்கு ஒரு வேளைச் சோறு இறங்குவதில்லை.

ஆனால் நீ செய்தது வேறு. நாங்கள் பயந்து பொய் சொன்னோம். நீ அந்தப் பொய்யை எடுத்து வைத்துச் சட்டம் எழுதுகிறாய். உன் நல்ல நெஞ்சைக் காட்டி பானுமதியின் நெஞ்சுக்குச் சோதனை வேண்டாம் என்கிறாய். இருபது வயதுகூட ஆகவில்லை அந்தப் பெண்ணுக்கு.

எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதினாயே, மாமா எப்போதடா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்? சம்பளப் புத்தகத்தில் பதினெட்டு வருடமும் ரேகைதான்.

எங்கள் கம்பெனி தேவநாதனும் பூங்கோதையும் சேர்த்து, எங்களைத் தவிர இங்கே பதினேழு பேர் உண்மையை எழுதித் தரத் தயாராக இருக்கிறார்கள். எக்ஸ்ரே வேண்டும், நிழல் விழுந்தவனை வேலையை விட்டு அனுப்பக் கூடாது, இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்கப்போகிறோம். நீ முதலில் உன் மேலதிகாரியிடம் போய், அந்தப் பதிவேடு பொய் என்று சொல். எப்படித் தெரியும் என்று கேட்டால், எப்படி என்றும் சொல்.

அக்கா,
அமுதவள்ளி


சென்னை
27.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

மறக்கவில்லை அக்கா. பதிவேட்டில் மாமா பெயர் வந்ததும் என் கையெழுத்தைப் பார்த்தேன். பக்கத்தைத் திருப்பிவிட்டேன். ஒரு பெயர்தானே, மற்றவை உண்மையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது நான் என்ன செய்ய முடியும்? அரசுப் பதிவேட்டில் ஆள்மாறாட்டம் செய்தவன் நான் என்று போய் நின்றால் அன்றைக்கே சஸ்பெண்ட் ஆவேன். அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. தேவிக்கு இது எதுவும் தெரியாது. நீங்கள் ஆட்சேபணை அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பொதுவாக எழுதுங்கள். யார் பெயரில் யார் நின்றார்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். வருகிற மனுவெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாமாவிடம் சொல்லாதே. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாமல் போய்விடும்.

உன் தம்பி,
நந்து


விருத்தாசலம்
4.8.2025

அனுப்புநர்
உலகநாதன், பீங்கான் தொழிலாளி, விருத்தாசலம்.

பெறுநர்
பிரிவு அலுவலர் அவர்கள், வரைவு விதிப் பிரிவு, சென்னை.

ஐயா,

பொருள்: சிறு பீங்கான் கம்பெனிகளில் நெஞ்சு எக்ஸ்ரேயை நிறுத்தும் வரைவு விதிக்கு ஆட்சேபணை.

நான் பதினெட்டு வருடம் கல்மாவு அறையில் வேலை செய்தேன். 2014 பதிவேட்டில் என் நெஞ்சு இயல்பாக இருப்பதாக எழுதியுள்ளது. அது என் நெஞ்சு அல்ல. வேலை போய்விடும் என்ற பயத்தில் எனக்குப் பதிலாக வேறு ஒருவர் நின்றார். என் நெஞ்சு எப்படி இருக்கிறது என்பதற்குப் போன வாரம் எடுத்த படத்தை இணைத்துள்ளேன். இரண்டு பக்கமும் நிழல்.

இதேபோல் பதினேழு பேரின் மனுக்கள் தனித்தனியாக வருகின்றன. ஒவ்வொருவரும் தமக்காக நின்றவரின் பெயரை எழுதியிருக்கிறார்கள். நான் எழுதவில்லை. "வாழுற வயசுல இருக்கான், அவன் பேர எழுதாத" என்று நான் சொன்னதால் என் மனைவி அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். அவருக்கு இந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆகஸ்டு பதினான்குக்குள் அவரே வந்து நிரப்புவார் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உலகநாதன் (இடது பெருவிரல் ரேகை)
சொல்லக் கேட்டு எழுதியவர்: உ. அமுதவள்ளி


சென்னை
8.8.2025

திரு. உலகநாதன் அவர்களுக்கு,

தங்களது 4.8.2025 நாளிட்ட மனு பரிசீலிக்கப்பட்டது. ஆள்மாறாட்டம் செய்ததாகக் கூறப்படும் நபரின் பெயர் குறிப்பிடப்படாததால் மனு முழுமையற்றதாகக் கருதப்பட்டு, இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.

(ஒப்பம்)
க. நந்தகுமார்
பிரிவு அலுவலர்


சென்னை
13.8.2025
(நேரில்)

அனுப்புநர்
உலகநாதன், பீங்கான் தொழிலாளி, விருத்தாசலம்.

பெறுநர்
பிரிவு அலுவலர் அவர்கள், வரைவு விதிப் பிரிவு.

நகல்
துறைச் செயலர் அவர்கள்.

ஐயா,

தாங்கள் திருப்பி அனுப்பிய மனுவை நிறைவு செய்து மீண்டும் தருகிறோம். இதை எழுதுகிறவள் அவர் மனைவி அமுதவள்ளி; என் கணவரால் ரயில் ஏற முடியாது. அவர் ரேகையை வீட்டிலேயே வாங்கிக்கொண்டு நான் மட்டும் காலை ரயிலில் வந்து, கீழே தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்கிறேன். மேலே வரவில்லை.

திருப்பி அனுப்பிய கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "அவனேவா அனுப்பினான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, எழுது" என்றார். கேட்ட விவரம் கீழே.

நின்றவரின் பெயர்: க. நந்தகுமார்.
மனுதாரருக்கு உறவு: மனைவியின் உடன்பிறந்த தம்பி.
நிற்கச் சொன்னவர்: உ. அமுதவள்ளி. என் மீது நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம்.

இதற்குச் சாட்சியாக அவர் எனக்கு எழுதிய கடிதம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதைக் கிழிக்கவில்லை. இங்கே கொண்டுவரவும் இல்லை. அது ஒரு தம்பி அக்காவுக்கு எழுதியது. அது இல்லாமலே இந்த மனு நிற்கும்.

செயலர் ஐயா, 2014 பதிவேட்டை வரவழைத்துப் பாருங்கள். கைநாட்டு வைக்கிற மனிதரின் பெயருக்கு எதிரே உலகநாதன் என்று அழகாகக் கையெழுத்து இருக்கும். அதில் "த"வின் வால் அடுத்த வரியைத் தொடும். ஒப்பிட்டுப் பார்க்க, 8.8.2025 அன்று தங்கள் பிரிவு அலுவலர் போட்ட கையெழுத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உலகநாதன் (இடது பெருவிரல் ரேகை)
எழுதியவர்: உ. அமுதவள்ளி