பாலைமரத்தடியில் நீங்கள் நின்ற காலை

மச்சாள்,

இன்று சந்தையிலிருந்து பேத்தி ஒரு பை பாலைப்பழம் வாங்கி வந்தாள். அந்தப் பிசுபிசுத்த இனிப்பு மணம் மூக்கில் ஏறியதும் பையை முடிந்து தள்ளி வைத்துவிட்டேன். "என்ன அம்மம்மா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். உங்களிடம்தான் சொல்லலாம்.

ஐம்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி, காடு வெட்டிக் குடியேறியவர்கள் நாங்கள். ஆண்கள் வயலுக்குப் போனதும் நீங்கள், என் கணவரின் அக்கா, என் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் மகனையும் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்கால் ஓரம் கிளம்பிவிடுவீர்கள். நான் பின்னால் வருவேன். தூக்கணாங்குருவிக் கூட்டின் கீழ் குழந்தையை உயர்த்திக் காட்டுவீர்கள். அவள் காலை உதைத்துச் சிரிப்பாள். "வீட்டுக்குள்ளையே வளந்தா உதுகள் காட்டுக்குப் பயந்து சாகுங்கள்" என்பீர்கள்.

அன்று பழம் பறிக்கக் கொக்கைத்தடியும் கொண்டு வந்தீர்கள். பாலைமரத்தை நெருங்கியபோது பற்றைக்குள்ளிருந்து ஒரு கரடிக்குட்டி உருண்டு வந்தது. மகன் கைதட்டினான். அதற்குள் தாய்க்கரடி பாய்ந்துவிட்டது. குழந்தையை எறியாத குறையாக என் நெஞ்சில் தந்துவிட்டு, "பிள்ளையளோட ஓடடி! திரும்பிப் பாராதை!" என்று கத்தினீர்கள்.

மகனை இழுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பியும் பார்த்தேன். கரடி இரண்டு காலில் எழும்பி உங்கள் முகத்தில் அறைந்தது. தலைத்தோல் கிழிந்து தொங்கியது. விழுந்த இடத்திலிருந்தே தடியை அதன் வாய்க்குள் குத்தினீர்கள். அது தோளைக் கவ்வி உதறியது. நீங்கள் அழவில்லை, அதைவிடப் பெரிதாக உறுமினீர்கள். கோடரிகளோடு ஆண்கள் ஓடி வந்து கரடியை வெட்டிச் சாய்த்தபோது, எது உங்கள் இரத்தம், எது அதன் இரத்தம் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒற்றைக் கண்ணோடு வந்த நீங்கள் முதலில் கேட்டது, "குட்டிக்கு என்ன நடந்தது?"

"நாயள் கிழிச்சுப் போட்டுதுகள், அக்கா" என்றார் உங்கள் தம்பி.

"அவளும் பிள்ளையோட பழம் தின்ன வந்தவள்தானேடா" என்றீர்கள். அன்றுதான் அழுதீர்கள்.

மகன் அதன்பின் வேலிப் படலையைத் தாண்டவில்லை. உங்கள் முகத்தைக் கண்டாலே என் சேலைக்குள் ஒளிவான். ஒருநாள் காலை அவன் முன் குனிந்து கையை நீட்டினீர்கள். "எனக்கு இந்தப் பக்கம் ஒண்டும் தெரியேல்லை, ராசா. நீ வந்து பாத்துச் சொல்லுறியே?"

என் சேலையை விட்டான். பிறகு உங்கள் கண்ணில்லாத பக்கமாக வந்து கையைப் பிடித்தான். வாய்க்கால் நெடுக அவன் வாய் ஓயவில்லை. "மாமி, உடும்பு. மாமி, கொக்கு. இஞ்ச ஒண்டுமில்லை மாமி, வாங்கோ."

நீங்கள் போய்க் கனகாலம். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. எனக்கு இரண்டு கண்ணும் இன்னும் தெரிகிறது, மச்சாள். ஆனாலும் பேரப்பிள்ளைகளோடு நடக்கும்போது, "இந்தப் பக்கம் என்ன நிக்குது, பாத்துச் சொல்லுங்கோ" என்று கையை நீட்டுகிறேன். பயந்த பிள்ளைதான் முதலில் வந்து பிடிக்கிறது.