ஆராய்ச்சித் தண்ணீர்

ஐப்பசி, செவ்வாய் இரவு. சங்கராபுரம்.

கரும்புச் சக்கைச் சாம்பலில் நான் செய்த வடிகட்டி ஆறு மாதமாகக் கல்வராயன் மலையில் சின்னையன் வீட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை போய் அதன் தண்ணீரை எடுத்துவந்து சோதிப்பேன். ஒருமுறைகூடக் கிருமி இருந்ததில்லை. கட்டுரையும் எழுதி முடித்துவிட்டேன்.

இன்று போனபோது சின்னையன் மட்டும் இருந்தார். மகளுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்காம். மனைவி அவளோடு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இவர் மாற்றுத்துணி எடுக்க வந்திருக்கிறார்.

"பாப்பா இன்னா தண்ணி குடிச்சுது?" என்று கேட்டேன்.

"ஓடைத் தண்ணிதாங்க. எப்பவும் அதான குடிக்கிறோம்."

"அப்ப இந்த வடிகட்டி?"

"அத நாங்க தொடறதே இல்லீங்க மேடம். நீங்க வர்றதுக்கு மொத நாளு தண்ணி ஊத்தி வெப்போம். ஆராய்ச்சிக்கு வெச்சது, பத்திரமா பாத்துக்கங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னேன். குடியுங்கள் என்று சொன்னேனா? எவ்வளவு யோசித்தும் சொன்ன நினைவில்லை. குடும்பமே தினமும் குடித்ததாகக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். யாரையும் கேட்காமல் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து என் பேராசிரியருக்குப் போன் செய்து, அவர்கள் அதைக் குடிக்கவே இல்லை என்று சொன்னேன். "தண்ணி ரிசல்ட் சரியாத்தானேம்மா இருக்கு? கட்டுரைய அனுப்பிடு" என்றார்.

ஒன்றை அவரிடம் சொல்லவில்லை. கிளம்பும்போது சின்னையன் வடிகட்டியில் பிடித்து ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார். "உங்களுக்குன்னு வெச்சதுதாங்க, குடிங்க" என்றார்.

தாகமாக இருந்தது. முழுவதையும் குடித்துவிட்டேன்.