கவிழ்த்துக் காட்டிய சொம்பு

12 மார்ச் 1999, வெள்ளி

காலையில் விம்கோ நகர் ரயில்வே கேட் அருகே, எங்கள் பால்கார சரசக்கா தன் பசுவின் உடம்பெல்லாம் பூச்சிமருந்துப் பொடியைத் தடவிக்கொண்டிருந்தாள். "உண்ணி கடிச்சிகினே கீதும்மா. ராவெல்லாம் தூங்கல, பாவம்."

நான் வேலை செய்யும் பால் பரிசோதனை லேபில், பாலுக்குள் நாங்கள் தேடுவதே அந்த மருந்தைத்தான். "அக்கா, இது பால்ல எறங்கிடும். என் பாப்பா குடிக்கிறா" என்றேன்.

பதறிப்போனாள். வீட்டுக்கென்று பிடித்து வைத்திருந்த லாரித் தண்ணீர் முழுவதையும் மாட்டின் மேல் ஊற்றித் தேய்த்தாள். தோல் வழியே உள்ளே இறங்கிய மருந்து கழுவினால் மட்டும் போய்விடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் மாட்டை எங்கள் வாசலுக்கே ஓட்டிவந்தாள். கறப்பதற்கு முன் வழக்கம்போல் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். "பாத்துக்கோ கண்ணு, சொட்டு தண்ணி இல்ல. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது."

பாப்பா கஞ்சி குடித்துத் தூங்கிவிட்டாள். பால் அடுப்பிலேயே ஆடை கட்டிக் கிடக்கிறது. நாளைக்கும் அக்கா சொம்பைக் கவிழ்த்துக் காட்டுவாள்.