வியாழக்கிழமை வாங்க மாப்பிள்ளை

மார்ச் 6, புதன்

இன்று மாப்பிள்ளை ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். என் தங்கையைக் கட்டி ஆறு வருடம் ஆகிறது; இந்த வாசலை மிதித்தது இது மூன்றாவது தடவை. மூன்றும் வண்டிக்காக. கூலிங் கிளாஸ், தோல் கையுறை. பல் பிடுங்குகிற டாக்டருக்குத் தன்னைப் பெரிய ரேஸ் டிரைவர் என்று நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் மைதானத்தில் அவரவர் காரை ஓட்டிப் பார்க்க விடுகிறார்களாம்.

"மச்சான், ஏர்பேக் வேலை செய்யாதபடி பண்ணிடுங்க. ஹெல்மெட்டும் ரேஸ் பெல்ட்டும் போட்டிருக்கும்போது அது மூஞ்சியில வெடிச்சா வேற வினையே வேண்டாம்."

சொன்னதில் தப்பில்லை. மைதானத்துக்கு மட்டும் என்று சிலர் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் கூட வந்த சிநேகிதனிடம் என்னைக் காட்டி, "நம்ம வீட்டு மெக்கானிக்" என்றார். உன் பெண்டாட்டியைப் படிக்க வைத்ததே இந்தக் கிரீஸ் கைதான் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மார்ச் 8, வெள்ளி

வேலை முடிந்தது. ஏர்பேக் இணைப்பை எடுத்த வண்டி என்றால் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டுவது என் கடை வழக்கம். திரும்ப மாட்டிய பிறகுதான் அவிழ்ப்பேன். இருபது வருடமாக இதில் விட்டுக்கொடுத்ததில்லை.

"துணி வேண்டாம் மச்சான். டேஷ்போர்டு லைட்டும் எரியாம பண்ணிடுங்க. உங்க தங்கச்சி பாத்தா ஆயிரம் கேள்வி கேப்பா."

இரண்டையும் செய்து கொடுத்தேன். ஏன் செய்தேன்? அவளிடம் இவர் மறைக்கிற விஷயம் ஒன்று என் கையில் இருக்கட்டும் என்று தோன்றியது. என்றாவது ஒருநாள் உதவும்.

மார்ச் 10, ஞாயிறு

ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தாராம். சனியன்.

மார்ச் 11, திங்கள்

காலையிலேயே போன். "மச்சான், ஏர்பேக்கை மாட்டிடலாமா? இப்பவே கொண்டு வரவா?"

கடையில் ஒரு வண்டி இல்லை. நான் ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"தலைக்கு மேல வேலை கிடக்கு. வியாழக்கிழமை வாங்க மாப்பிள்ளை."

"கொஞ்சம் பாருங்க மச்சான். பிளீஸ்."

ஆறு வருடத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் பிளீஸ். அரை மணி நேர வேலைதான். கெஞ்சட்டும், மூன்று நாள் கெஞ்சட்டும். மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்ச் 12, செவ்வாய்

இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

மார்ச் 13, புதன்

தங்கை. ஐயோ — அவள்.

அவளுடைய ஸ்கூட்டர் பஞ்சர். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மாப்பிள்ளை இந்த மூன்று நாளும் அந்தக் காரைத் தொடவேயில்லையாம், வாடகைக் காரில்தான் கிளினிக் போனாராம். அவளிடம் எடுக்காதே என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாளே.

முன்னால் போன லாரி திடீரென்று நின்றிருக்கிறது. சாதாரண பெல்ட்தான் போட்டிருந்தாள். முகம் நேராக ஸ்டியரிங்கில். கன்ன எலும்பு மூன்று துண்டு. வலது கண்ணைப் பற்றிக் கேட்டால் டாக்டர் வேறு பேச்சுக்குப் போகிறார்.

அரை மணி நேரம். அரை மணி நேர வேலைடா, பாவி. என்ன பண்ணித் தொலைச்சிருக்கேன் நான்?

மார்ச் 14, வியாழன்

வியாழக்கிழமை. கடையைத் திறக்கவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா கேட்டேவிட்டார். "அவ்வளவு பெரிய கார்ல ஏர்பேக் ஏன் வரல?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். போச்சு, இப்போது சொல்லிவிடப் போகிறார்.

"நான்தான் மாமா எடுக்கச் சொன்னேன். மச்சான் திங்கட்கிழமையே கொண்டு வரச் சொன்னார். நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன்."

அப்பா எல்லார் முன்னாலும் அவரை அறைந்தார். நர்ஸ் ஓடி வந்து விலக்கினாள்.

பிறகு படிக்கட்டில் தனியாகப் பிடித்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"என்னை எப்படியும் மன்னிக்க மாட்டா. கூடப் பொறந்தவன் மேலயாவது நம்பிக்கை இருக்கட்டும் மச்சான்."

நான் உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கீழே போய் அப்பாவுக்கு டீ வாங்கி வந்தேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

வலது கண் போனது போனதுதான். தங்கை இப்போது என் வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை தினமும் வந்து வாசலில் நிற்கிறார். அவள் கதவைத் திறக்கவிடுவதில்லை.

இன்று கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தாள். "நீ சொல்லியும் அந்த ஆள் கேக்கல பாத்தியாண்ணா? உன்கிட்ட கொண்டு வந்திருந்தா நீ சும்மா விட்டிருப்பியா?"

"விடும்மா" என்றேன்.

எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் பொய் எழுத இந்த நோட்டு எதற்கு? 'அவர்' என்று உருகிக்கொண்டிருந்தவள் 'அந்த ஆள்' என்றதும் எனக்கு உள்ளே இனித்தது.

ஜூன் 21, வெள்ளி

வக்கீல் ஆபீஸ். விவாகரத்துப் பத்திரம் தயாராக இருந்தது. மாப்பிள்ளை மெலிந்துபோயிருந்தார். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிரவில்லை. அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

தங்கைக்கு எந்தக் கோட்டில் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு தடவித் தடவித் தேடினாள். நான்தான் விரலை வைத்துக் காட்டினேன்.