இழுத்தால் நீளும் கயிறு

மார்ச் 3, திங்கள்

ஜீப்காரர்கள் ஆர்டர் கிடைத்தது. ஆறு வண்டி, ஆறு பெட்டி. ரோடு இல்லாத இடமாகப் பார்த்து வண்டி ஓட்டுகிற கூட்டம். தலைவி ஜெனிஃபர் மேடம், தாம்பரத்தில் பல் டாக்டர். சனிக்கிழமை ஆந்திரா பக்கம் கிளம்புகிறார்கள். சரியாகச் செய்தால் வருஷம் முழுக்க அவர்கள் சாமான் என் கடையில்தான். காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

பெட்டிக்கு மேடம் கொடுத்த லிஸ்ட்:
மண்வெட்டி, குட்டைப் பிடி
சக்கரத்தடியில் போடும் பலகை 2
டயர் காற்று மீட்டர், சின்ன கம்ப்ரஸர்
தண்ணி கேன் 20 லி.
முதலுதவி டப்பா
தார்ப்பாய் (நம்ம சரக்கு)
இழுவைக் கயிறு, "நீளும் வகை". அடிக்கோடு வேறு.

இருபது வருஷமாக சிங்கப்பெருமாள் கோயிலில் கயிறும் தார்ப்பாயும் விற்கிறேன். நீளும் கயிறை ஒருத்தரும் கேட்டதில்லை. சாம்பிள் வரவழைத்தேன். ஒரு முனை புளியமரத்தில், மறுமுனை என் புருஷன் சேட்டுவின் லோடு வண்டியில். ரப்பராக நீண்டது. விலை நம்ம கயிறைப் போல பத்து மடங்கு!

சேட்டு: "இன்னா மே இது, ஜட்டி எலாஸ்டிக்கா?"

லோடு கட்டுகிறவனிடம் இதைக் கொடுத்தால் மூஞ்சியிலேயே வீசுவான். திருப்பி அனுப்பிவிட்டு, கோவளத்துப் படகுக்காரர்கள் வாங்குகிற தடிக் கயிறையே வைத்தேன். துளி நீளாது. மேடத்திடம் சொல்லவில்லை. கெட்டியானதைத்தானே வைக்கிறோம். மிச்சம் என் லாபம்.

மார்ச் 4, செவ்வாய்

மூன்று பெட்டி போய்விட்டது. மூன்று பாக்கி. முழங்கால் வலி, தைலம் தீர்ந்தது.

டீக்கடையில்: "காசு குடுத்து சேத்துல மாட்டிகினு, காசு குடுத்து வெளிய வர்றாங்களாம்." "உனுக்கு இன்னா பேஜாரு? அக்காவுக்கு யாவாரம் நடக்குது, வுடு."

எனக்கும் அதே சந்தேகம். பெட்டி எடுக்க வந்த பேங்க்காரரைக் கேட்டேன். "மாட்டினாத்தாங்க ஜாலி" என்கிறார். வெளியே வருவதுதான் விளையாட்டாம். அதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். மேடத்துக்கு போன் போட்டேன். நாளைக்கு மாமல்லபுரம் தாண்டி, தெரிந்தவர் சவுக்குத் தோப்பு, உங்க வண்டியும் வரட்டும் என்றார்.

மார்ச் 5, புதன்

சேட்டுவும் நானும் சவுக்குத் தோப்புக்குப் போனோம்; மேடம் ஜீப்போடு வந்திருந்தார்.

சேட்டு வேண்டுமென்றே வண்டியை மணலில் இறக்கினார். நாலே அடி, அச்சு வரை உள்ளே. டயர் காற்றில் பாதியை இறக்கச் சொன்னார் மேடம். டயர் அகன்று மணல்மேல் உட்காருமாம். அட! அப்படியும் வரவில்லை. சரி, கயிறு. கட்டி வைத்திருந்த பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு முனையும் சேட்டு மாட்டினார். மேடம் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. நீளும் கயிறு என்று நம்பி, ஜீப்பை வேகமாகக் கிளப்பி இழுத்தார்.

வெடி போட்ட மாதிரி சத்தம். என் கயிறுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வண்டியின் முன்கொக்கி பிய்ந்து, கயிறோடு பறந்து, ஜீப் பின்னால் ஸ்டெப்னி டயரில் அடித்தது. ஒரு சாண் மேலே கண்ணாடி. அதற்கு நேராக மேடம் தலை.

இறங்கி வந்து கயிறைத் தொட்டுப் பார்த்தார். "இது நான் எழுதின கயிறு இல்லையே அக்கா."

"அதைவிட கெட்டி மேடம்."

"கெட்டியா இருக்கறதுதான் தப்பு."

தன் கயிறை எடுத்து எங்கள் வண்டியின் பின்கொக்கியில் மாட்டினார். என்னை ஜீப்பில் பக்கத்தில் உட்கார வைத்தார். அதே மணல், அதே வண்டி. கயிறு நீண்டது, நீண்டது, அப்புறம் வண்டி தானே எழுந்து வந்தது. எனக்கு ஒரு குலுக்கல் இல்லை. இழுக்கிற அடியை முதலில் கயிறு வாங்கிக்கொள்கிறது. இத்தனை வருஷம் கயிறு விற்றும் இது தெரியவில்லை. வெட்கத்திலும் இன்னொரு தடவை இழுத்துக் காட்டச் சொன்னேன். காட்டினார்.

வெளியே போன மூன்று பெட்டியிலும் என் கயிறு. அதை மட்டும் மேடத்திடம் மறைத்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

தூக்கம் இல்லை. சத்தமில்லாமல் மாற்றிவிடலாமா? மூன்று வீட்டுக்கும் என்ன சாக்கு சொல்வது?

சேட்டு: "சொன்னா ஆர்டர் பூடும். அவ்ளோதான? நேத்து அந்தம்மா தலை பூட்டிருந்தா இன்னா பண்ணிருப்ப?"

போன் போட்டேன். எல்லாவற்றையும் மேடத்திடம் சொன்னேன். மேடம், "மூணு பேருக்கும் நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

சொன்னேன். பேங்க்காரர் திட்டினார். கேட்டுக்கொண்டேன். சேட்டு கொக்கியில்லா வண்டியோடு மெட்ராஸ் போய் ஆறு நீளும் கயிறு வாங்கி வந்தார்.

மார்ச் 7, வெள்ளி

மேடம் நேரில் வந்து ஆறு கயிறையும் இழுத்துப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஆனால் டீ குடித்தார்.

பேசி முடித்தது: கயிறு வாங்கின விலைக்கே. கொக்கிச் செலவு என்னுடையது. லிஸ்டில் எதை மாற்றினாலும் முதலில் கேட்க வேண்டும். வருஷ ஆர்டர் கிடையாது, ஒவ்வொரு பயணமாகப் பார்க்கலாம். பெட்டி கட்டும் கூலி மட்டும் எனக்கு, பெட்டிக்கு முந்நூறு.