நிலை வைத்த நாள்

வெள்ளவத்தை
21 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் அழைத்தால் போனைத் தொடமாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். அளவெட்டி வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் போய்விட்டார்கள். கூரையைப் பிரித்துத் திருத்த வேலை நடக்கிறது. வேலை முடியும்வரை யாராவது அங்கே தங்க வேண்டுமாம். ஆளில்லாத வீட்டில் தீ பிடித்தாலோ களவு போனாலோ ஒரு சதமும் தரமாட்டோம் என்கிறார்கள் காப்புறுதிக்காரர். எங்கள் முழுச் சேமிப்பையும் அந்த வேலையில்தான் போட்டிருக்கிறோம். பக்கத்தில் தெல்லிப்பழையில் நீங்கள் இருக்க, வேறு யாரைக் கேட்பேன்?

தங்கச்சி கஜந்தினி

தெல்லிப்பழை
26 ஓகஸ்ட் 2024

கஜந்தினிக்கு,

அப்பா வீட்டை உனக்குச் சீதனமாக எழுதியது ஊர் முறை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுதியதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த வாசற்படியை இனி மிதிக்கமாட்டேன் என்று உன் கலியாணப் பந்தலில் நின்று சொன்னேன். அதைக் கேட்டபடியே உன் மாமியார் இரண்டாம் தரம் பாயாசம் வாங்கியதையும் நான் மறக்கவில்லை.

முற்றத்தில் சீமெந்து மூட்டை வைக்கும் கொட்டிலில் படுக்கிறேன். உனக்காக அல்ல. வேலைக்கு இறக்கிய நல்ல முதிரை மரங்கள் களவு போகக்கூடாது.

தவநேசன்

வெள்ளவத்தை
3 செப்ரெம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

காப்புறுதிக்காரர் வந்து பார்த்தாராம். கொட்டிலில் படுப்பது கணக்கில் வராதாம், வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டுமாம். 11ஆம் திகதி புதன்கிழமை திரும்ப வருவார். நீங்கள் சொன்ன சொல்லை மீற வேண்டாம் அண்ணை. வேறு ஆள் தேடுகிறேன். கொட்டிலில் நுளம்பு கடிக்கிறதா?

கஜந்தினி

அளவெட்டி, எங்கள் வீட்டுக்குள்ளிருந்து
11 செப்ரெம்பர் 2024

தங்கச்சிக்கு,

வேறு ஆள் தேடாதே.

கறையான் தின்ற பழைய வாசல் நிலையைப் படியோடு பெயர்த்து எறிந்துவிட்டார்கள். இன்று காலை புது நிலை வைக்க நல்ல நேரம். ஓடாவியார் நிலையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தச்சரென்று பேர், மரவேலை தெரியாத மனுசன். பொறுக்க முடியாமல் உள்ளே போய்ப் பிடித்தேன். படியே இல்லாத இடத்தில் எந்தப் படியை மிதிப்பது?

தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள், புதுப் படிக்குச் சீமெந்தும் பூசினார்கள். பார்த்தால் நான் உள்ளே!

"அண்ணை, இனி எப்பிடி வெளியாலை வருவியள்?" என்று ஓடாவியார் சிரித்தார்.

"பின்கதவாலை போறதுக்கு நான் என்ன கள்ளனோ?" என்றேன்.

அந்த நேரம் பார்த்துக் காப்புறுதிக்காரர் வந்தார். "உள்ளுக்கை ஆர் இருக்கிறது?"

"கண் தெரியேல்லையோ? நான்தான். இது எங்கடை வீடு."

எழுதிக்கொண்டு போய்விட்டார்.

படியை மிதிக்காமல் இனி நான் வெளியே வர முடியாது. அதனால் நீ வரும்வரை உள்ளேதான் இருப்பேன். கெதியாக வா. மாமியாரையும் கூட்டி வா. பாயாசம் காய்ச்சுவிக்கிறேன். இந்தமுறை இரண்டாம் தரம் எனக்குத்தான்.

அண்ணை